நடு ஆர்.பி.எம்.மில் இழுவை விழுகிறதா? டர்போவைக் கழற்றும் முன் இவற்றைப் பாருங்கள்

மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருப்பதால், ஊட்டிக்குக் கிளம்பிப் பாதி வழியில் திரும்பி வந்த வண்டிகள் எனக்கு நிறைய வரும். கோயம்புத்தூரிலிருந்து இங்கே வரைக்கும் ஏறக்குறைய சமதரை, ஒரு குறையும் தெரியாது. கல்லாறு தாண்டி மேடு தொடங்கி, மூன்றாவது கியரில் மிதிக்கும்போதுதான் தெரியும். "ஏனுங்கண்ணா, ரெண்டாயிரத்துக்கு மேல இழுக்கவே மாட்டேங்குது. மூவாயிரம் தாண்டினா தானா ஓடுது" என்பார்கள். அதே மூச்சில், "டர்போ போயிடுச்சுன்னு சொல்றாங்க" என்பதும் வரும்.

டர்போ என்பது எக்சாஸ்ட் வேகத்தில் சுற்றி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் பாகம். பெரும்பாலும் அது போயிருக்காது. காற்றுக் குழாயில் ஒரு கிழிசல், வேக்குவம் ஹோஸ் முனையில் ஒரு வெடிப்பு, எக்சாஸ்டில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வில் கட்டிய கரி, இப்படி ஏதாவது ஒன்றாக இருக்கும். டர்போ விலையோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒரு செலவே இல்லை. எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்ற வரிசைதான் முக்கியம்.

உதாரணத்துக்கு 2012-ல் வந்த முதல் எர்டிகாவின் டீசல் எஞ்சினை வைத்துக்கொள்வோம். ஃபியட்டின் மல்டிஜெட், 1248 சி.சி., 4000 ஆர்.பி.எம்.மில் 90 குதிரைத்திறன், 1750-ல் 200 நியூட்டன் மீட்டர் டார்க். டர்போ வி.ஜி.டி. வகை; உள்ளே அசையும் இதழ்கள் உண்டு. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபோது இந்த எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். ஆனால் எர்டிகா, சியாஸ், லீனியா, மான்ஸா என்று இன்னும் கணக்கில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, பலதும் இரண்டாம் கை, மூன்றாம் கை. இந்த வயதில் ரப்பர் காய்ந்து வெடிப்பது எந்தக் கம்பெனி வண்டிக்கும் நடப்பதுதான். மற்ற டர்போ டீசல்களுக்கும் இதே முறை பொருந்தும்.

முதலில், ஏன் நடுவில் மட்டும் விழுகிறது? 1500-க்குக் கீழே டர்போ ஒன்றும் பெரிதாகச் செய்வதில்லை. அழுத்தமே இல்லாத குழாயில் கிழிசல் இருந்தாலும் தெரியாது. 1700-லிருந்து 2800 வரைதான் டர்போ முழு அழுத்தத்தைக் கொண்டுவரப் பாடுபடும், நமக்கு டார்க்கும் அப்போதுதான் வேண்டும். அந்த நேரத்தில் காற்று கசிந்தால் நேராக இழுவையில் அடிக்கும். 3000-க்கு மேல் எக்சாஸ்ட் ஏராளமாக வருவதால் டர்போ வேகமாகச் சுற்றி, கசிவதையும் மீறி நிரப்பிவிடும். அதனால்தான் 'மேலே போனால் தானாகச் சரியாகிறது' என்று தோன்றுகிறது. சரியாகவில்லை, டர்போ தன் சக்திக்கு மீறி உழைத்து மறைக்கிறது. இப்படியே ஓட்டினால் அப்புறம் உண்மையிலேயே டர்போ போகும்.

மலையில் இது அதிகமாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. மேட்டுப்பாளையத்தில் காற்றழுத்தம் சுமார் 97 கிலோபாஸ்கல். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே 78-ஐ ஒட்டித்தான் இருக்கும். மேலே போகப் போக, அதே அழுத்தத்தைக் கொண்டுவர டர்போ இன்னும் கூடுதலாகச் சுற்ற வேண்டும். தரையில் பொறுத்துக்கொண்ட சின்னக் கசிவை மலை பொறுக்காது.

புகார் என்ன என்பதை ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்

எஞ்சின் நன்றாகச் சூடானபின், ஆள் நடமாட்டமில்லாத நேரான ஏற்றத்தில், மூன்றாவது கியரில் 1500-லிருந்து முழுதாக மிதித்து 3500 வரை விடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவில் இந்தச் சோதனை வேண்டாம். 1700-க்குக் கீழே சோம்பலாக இருந்தால் அது டர்போ லேக், அதாவது டர்போ வேகம் பிடிக்கும் வரை வரும் தாமதம், இந்த எஞ்சினின் பிறவிக் குணம், அதற்கு மருந்து கியரைக் குறைப்பது மட்டும்தான். 1800-ல் நன்றாகப் பிடித்து, 2000 தாண்டி அடங்கி, 3000-க்கு அப்புறம் மறுபடி எழுந்தால் அதுதான் நாம் தேடும் குறை.

கிளட்ச்சைச் சந்தேகப்பட மறக்காதீர்கள். டார்க் உச்சத்தில் இருக்கும் அதே 2000-ஐ ஒட்டித்தான் தேய்ந்த கிளட்ச்சும் வழுக்கும். நான்காவது கியரில் மிதிக்கும்போது ஆர்.பி.எம். முள் துள்ளி ஏறி, வேக முள் அப்படியே நின்றால் டர்போ பக்கமே போக வேண்டாம். அதேபோல ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரத்திடமும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்த பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அடுத்தது புகை. எனக்கு ஸ்கேனரைவிட இதில்தான் நம்பிக்கை. பின்னால் ஒரு வண்டியை வரச் சொல்லுங்கள். இருட்டில் அந்த வண்டியின் ஹெட்லைட் வெளிச்சத்தில் புகை இன்னும் தெளிவாகத் தெரியும். இழுவை விழும் நேரத்தில் கறுப்புப் புகை தள்ளினால், டீசல் போகிறது, காற்று போதவில்லை. புகையே இல்லாமல் வெறுமனே மந்தமாக இருந்தால், எஞ்சின் கம்ப்யூட்டரே டீசலைக் குறைக்கிறது அல்லது டீசல் வந்து சேரவில்லை.

இதற்குப் பின்னால் உள்ள விஷயம் சுவாரசியமானது. ஏர் ஃபில்டரை ஒட்டி இருக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார், உள்ளே போகும் காற்றை அளந்து சொல்லும். அதை வைத்துத்தான் புகை வராத அளவுக்கு டீசலைக் கம்ப்யூட்டர் விடுகிறது. சென்சாரைத் தாண்டிய பிறகு, டர்போவுக்கும் மேனிஃபோல்டுக்கும் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) நடுவில் காற்று கசிந்தால், சென்சாருக்கு அது தெரியாது. 'காற்று வந்துவிட்டது' என்று நம்பி டீசல் முழுதாகப் போகும், கறுப்பாகப் புகையும். மாறாக, சென்சாரே அழுக்காகிக் குறைத்துச் சொன்னால் டீசலும் குறையும், புகை இருக்காது. ஒரே புகார், எதிரெதிர்க் காரணம். புகையைப் பார்க்காமல் பாகம் மாற்றுகிறவர்கள் இங்கேதான் பணத்தை விடுகிறார்கள்.

ஸ்கேனரில் நான்கு எண் போதும்

இ.எல்.எம். 327 என்று விற்கும் புளூடூத் கருவியும் ஃபோனில் ஒரு ஆப்பும் இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். முதலில் பிழைக் கோடுகள், அதாவது கம்ப்யூட்டர் பதிவு செய்துவைக்கும் குறியீட்டு எண்கள். பி 0299 என்றால் டர்போ அழுத்தம் குறைவு. பி 0234 என்றால் அழுத்தம் மிகுதி. பி 0101 மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார். பி 0401, பி 0402 இரண்டும் இ.ஜி.ஆர். பி 0087 என்றால் டீசல் ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசல் போகும் குழாயில், அழுத்தம் குறைவு. கோடு வந்துவிட்டது என்பதற்காக அந்த பாகத்தை வாங்கிவிடாதீர்கள். பி 0299 என்பது 'அழுத்தம் வரவில்லை' என்ற புகார் மட்டுமே. டர்போவை மாற்று என்று அது சொல்லவில்லை. சின்னக் கசிவுக்குக் கோடு வராமலே இருப்பதும் உண்டு.

பிறகு ஆர்.பி.எம்., மேனிஃபோல்டு அழுத்தம், காற்றின் அளவு, ரெயில் அழுத்தம், இந்த நான்கை மட்டும் பதிவு செய்யுங்கள். இருக்கிற எல்லாவற்றையும் டிக் செய்தால் மலிவான கருவி திணறும், விழும் இடமே பதிவாகாது. ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்கட்டும், ஃபோனைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்.

எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு, மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பாருங்கள். ஊரின் காற்றழுத்தம்தான் வர வேண்டும். சென்னையில் 101, எங்கள் ஊரில் 97 பக்கம். இதிலேயே பத்துப் பதினைந்து தள்ளிக் காட்டினால் அழுத்த சென்சாரையோ அதன் ஒயரையோ பார்க்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். காற்றின் அளவை நாமே கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம். ஒரு சிலிண்டர் 312 சி.சி. டர்போ ஊதாத நிலையில் ஒரு ஸ்ட்ரோக்குக்கு உள்ளே போகும் காற்று 300 மில்லிகிராம் சுற்றி. ஐடிலில் 850 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 28 ஸ்ட்ரோக், ஆக நொடிக்கு எட்டு, எட்டரை கிராம். இது இ.ஜி.ஆர். மூடியிருக்கும்போது, திறந்திருந்தால் இதைவிடக் குறையும். முழு மிதியில் 3000-ல் நொடிக்கு 60 கிராமை ஒட்டி வர வேண்டும்.

ஏற்றத்தில் மிதிக்கும்போது மேனிஃபோல்டு அழுத்தம் 1700 தாண்டியதும் சரசரவென்று ஏறி, 200 கிலோபாஸ்கலைக் கடந்து நிற்க வேண்டும். அழுத்தம் ஏறாமல், காற்றின் அளவு மட்டும் குறையில்லாமல் இருந்து, கறுப்புப் புகையும் வந்தால் குழாயில் கசிவு. அழுத்தமும் காற்றும் இரண்டுமே குறைந்தால் இ.ஜி.ஆர். திறந்தபடி மாட்டியிருக்கலாம், இல்லையென்றால் டர்போ இதழ்களுக்கு வேக்குவம் போகவில்லை. அழுத்தம் சரி, காற்று மட்டும் குறைவு, புகை இல்லை என்றால் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார். அதன் பிளக்கைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கம்ப்யூட்டர் தன்னிடம் உள்ள பொது அளவை எடுத்துக்கொள்ளும். இழுவை கூடினால் சந்தேகம் உறுதி. கோடு விழும், அழித்துக்கொள்ளலாம்.

அழுத்தம் திடீரென்று எகிறி, உடனே வண்டி செத்து, சாவியை அணைத்துப் போட்டால் மறுபடி நன்றாக ஓடினால், இதழ்கள் மூடிய நிலையில் கரியில் ஒட்டுகின்றன. அது வேறு கதை, கீழே வருகிறேன்.

கசிவைத் தேடுவது

இதில் நேரம் செலவழியுங்கள். ஏனென்றால் கறுப்புப் புகையோடு வரும் வண்டிகளில் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு ஒரு ஹோஸ், இன்டர்கூலரிலிருந்து மேனிஃபோல்டுக்கு ஒரு ஹோஸ். மேலிருந்து பார்த்தால் இரண்டும் புதிதுபோல இருக்கும். கிழிசல் அடிப்பக்கம்தான் இருக்கும், அதுவும் க்ளாம்ப்பிலிருந்து ஒரு விரல் தள்ளி, ஹோஸ் வளையும் இடத்தில். கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பாருங்கள். டர்போ காற்றில் எப்போதும் எண்ணெய் ஆவி கொஞ்சம் இருக்கும். கசியும் இடத்தில் அது வெளியே வந்து, ரோட்டுப் புழுதியை ஒட்டவைத்து, கறுப்பாக, ஈரமாக ஒரு திட்டு போட்டிருக்கும். அதைத் துணியால் துடைத்துவிட்டு, ஹோஸை இரண்டு கையாலும் பிடித்து வளையுங்கள். சும்மா இருக்கும்போது கோடுபோலத் தெரிந்தது, வளைத்ததும் மீன் வாயைப்போலத் திறக்கும். எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது எவ்வளவு காது கொடுத்தாலும் இது கேட்காது. அழுத்தம் வந்தால்தான் திறக்கும்.

கண்ணுக்குப் படவில்லையென்றால் அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் பி.வி.சி. எண்ட் கேப் ஒன்று வாங்கி, நடுவில் ஓட்டை போட்டு, ட்யூப்லெஸ் டயர் வால்வைப் பொருத்துங்கள். டர்போ காற்று இழுக்கும் வாயில் அந்த கேப்பை ஹோஸ் துண்டோடு க்ளாம்ப் போட்டு இறுக்குங்கள். எஞ்சினின் அடிப்பகுதி ஆவியை வெளியே விடும் கிராங்க்கேஸ் பிரீதர் குழாய் சேரும் இடத்தை அடைத்துவிடுங்கள், எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் ஆயில் சீல்கள் போகும். ரெகுலேட்டர் வைத்து மெதுவாகக் காற்று விடுங்கள். 15 பி.எஸ்.ஐ.க்கு மேல் வேண்டவே வேண்டாம். கேப்புக்கு நேரெதிரே முகத்தை வைக்காதீர்கள், கழன்றால் தோட்டா மாதிரி வரும். சோப்புத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் போட்டு எல்லா மூட்டிலும் அடியுங்கள். நுரை பொங்கும் இடம்தான் குறை. எண்ணெய் மூடி வழியாக லேசாக உஸ் என்று வருவது ரிங் வழியாகப் போகும் காற்று, அது இயல்பு. திறந்திருக்கும் வால்வு வழியாக எக்சாஸ்டுக்கும் கொஞ்சம் போகலாம், கிராங்க்கைச் சற்றுத் திருப்பினால் குறையும்.

இன்டர்கூலரில் அலுமினிய உடலும் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் மடிப்பைத் தவறவிடாதீர்கள். கழற்றித் தண்ணீரில் அமுக்கினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

புது ஹோஸ் போடும்போது, குழாய் முனையில் இருக்கும் எண்ணெயை பிரேக் க்ளீனரால் சுத்தமாகத் துடையுங்கள். அதைச் செய்யாமல் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கிக் கழன்றுவிடும். துளை போட்ட மலிவு க்ளாம்ப்பை இறுக்கினால் ரப்பர் அந்தத் துளைகளில் பிதுங்கி, வெட்டுப்பட்டு, அங்கேயே அடுத்த கிழிசல் ஆரம்பிக்கும். ஸ்பிரிங் க்ளாம்ப்போ டி-போல்ட் க்ளாம்ப்போ போடுங்கள். மலையில் மாட்டிக்கொண்டால் சைக்கிள் ட்யூப்பை நீளவாக்கில் கிழித்து, இழுத்துச் சுற்றிக் கட்டிக்கொண்டு, மிதிக்காமல் கீழே இறங்கி வந்துவிடலாம். அதோடு ஊட்டி வரை போகலாம் என்று நினைக்க வேண்டாம்.

வேக்குவம், இ.ஜி.ஆர்., சென்சார்கள்

வி.ஜி.டி. இதழ்களை அசைப்பது வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிட இழுப்பு. வேக்குவம் இழுத்தால் இதழ்கள் மூடி, குறைந்த எக்சாஸ்டிலும் டர்போ வேகமாகச் சுற்றும். வேக்குவம் குறைந்தால் இதழ்கள் திறந்தே நிற்கும். அடியிலும் நடுவிலும் அழுத்தம் வராது, மேலே ஓரளவு வரும். அதாவது நம் புகாரேதான். எஞ்சின் அணைந்திருக்கும்போது டர்போ ஆக்சுவேட்டரின் கம்பியை டார்ச் அடித்துப் பாருங்கள். ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். கம்பி ஒரே இழுப்பில் வழவழவென்று உள்ளே போக வேண்டும், அணைத்ததும் திரும்ப வர வேண்டும். அசையவே இல்லையென்றால் ஹோஸைத் தடவிக்கொண்டே போங்கள். பென்சில் பருமன்கூட இருக்காது. எஞ்சின் சூட்டில் காய்ந்து முனையில் வெடித்திருக்கும். நீளம் போதுமானால் வெடித்த முனையை ஒரு சென்டிமீட்டர் நறுக்கிவிட்டு மறுபடி மாட்டினாலே வேலை முடிந்தது.

கைப் பம்பு இருந்தால் ஆக்சுவேட்டருக்கு நேராக வேக்குவம் கொடுத்துப் பாருங்கள். முள் ஒரு நிமிடமாவது இறங்காமல் நிற்க வேண்டும். கம்பி விட்டுவிட்டு, திக்கித் திக்கி அசைந்தால் உள்ளே கரி. டவுனுக்குள்ளேயே 1500-க்கு மேல் போகாமல் உருட்டுகிற வண்டிகளுக்கு இது சீக்கிரம் வரும். ஆரம்ப நிலை என்றால், சூடான எஞ்சினில் நல்ல ஏற்றத்தில் கியரைக் குறைத்து 3000-க்கு மேல் கொஞ்ச நேரம் வைத்து ஓட்டினாலே விடுபடுவது உண்டு. இல்லாவிட்டால் டர்போவைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியதுதான். அதை டர்போ வேலையே செய்கிறவரிடம் கொடுங்கள்.

இ.ஜி.ஆர். வால்வைக் கழற்றினால் கறுப்பாகக் களிபோல ஒட்டியிருக்கும். கார்ப் க்ளீனரில் ஊறவைத்து, நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். ஸ்குரூடிரைவரால் சீட்டைச் சுரண்டினால் அப்புறம் எப்போதும் மூடாது. தகடு வைத்து அடைத்துக் கொடுங்கள் என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. எஞ்சின் விளக்கு எரியும், புகைச் சட்டத்துக்கும் விரோதம், சுத்தம் செய்தால் தீர்கிற விஷயத்துக்கு அது தேவையும் இல்லை. மேனிஃபோல்டு அழுத்த சென்சாரின் மூக்கும் இதே கரியில் அடைந்திருக்கும், கையோடு அதையும் துடையுங்கள். மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரை மட்டும் துணியோ விரலோ படாமல், அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயால் கழுவி, முழுதாகக் காயவிட்டு மாட்டுங்கள்.

ஏர் ஃபில்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எடுத்துப் பாருங்கள், அழுக்கானால் மாற்றுங்கள். எலி கூடு கட்டிய பெட்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

காற்றுப் பக்கம் எல்லாம் சரியாக இருந்து, புகையும் இல்லாமல், மிதிக்கும்போது ரெயில் அழுத்தம் மட்டும் விழுந்தால் டீசல் பக்கம் போங்கள். முதலில் டீசல் ஃபில்டர், அதில் தேங்கிய தண்ணீர். அதற்கு மேல் இன்ஜெக்டர், பம்பு என்று போனால் கடையில் கொடுப்பதே நல்லது. எஞ்சின் ஓடும்போது ரெயில் பைப் நட்டில் கை வைக்கவே கூடாது. ஆயிரம் பாருக்கு மேல் போகும் அழுத்தம் அது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

டர்போ பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கசிவு தேடும் முறை அதே. ஆனால் புகை விதி உங்களுக்குப் பொருந்தாது. நடுவில் விழுவதோடு லேசாக வெட்டி வெட்டி ஓடினால் ஸ்பார்க் பிளக்கையும் காயிலையும் முதலில் பாருங்கள். அழுத்தம் ஏறும்போதுதான் தேய்ந்த பிளக் தீப்பொறியைத் தவறவிடும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் டர்போ. காற்று இழுக்கும் ஹோஸைக் கழற்றி, நட்டைப் பிடித்துத் தண்டை அசையுங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆட்டம் தெரிந்தாலோ, டர்போ கூட்டின் உட்சுவரில் இறக்கை உரசிய தடம் இருந்தாலோ, மாற்றத்தான் வேண்டும். புது டர்போ போடும் முன் எண்ணெய் வரும் பைப்பைச் சுத்தம் செய்யுங்கள், இன்டர்கூலரில் தேங்கிய எண்ணெயை வடித்துவிடுங்கள். பழையதைக் கொன்றது எண்ணெய்ப் பற்றாக்குறை என்றால் புதியதையும் அது கொல்லும்.

ரீமேப் செய்தால், அதாவது கம்ப்யூட்டரில் உள்ள அளவுகளை மாற்றி எழுதினால், இந்தக் குழி போய்விடுமா என்றும் கேட்கிறார்கள். கசிகிற வண்டியில் ரீமேப் செய்தால் கசிவும் கூடும், புகையும் கூடும்.

வேலை முடிந்ததும் கோடுகளை அழித்துவிட்டு, முதலில் ஓட்டிய அதே ஏற்றத்தில், அதே கியரில், அதே நான்கு எண்களை மறுபடி பதிவு செய்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழாய்களில் மிச்சமிருக்கும் கரி, எண்ணெயால் முதல் சில கிலோமீட்டருக்குப் புகை வரலாம், பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று நாள் சூடாகி ஆறியபின் க்ளாம்ப்புகளை ஒருமுறை கையால் திருகிப் பாருங்கள். புது ரப்பர் சற்று அமுங்கியிருக்கும், அரைச் சுற்று கேட்கும்.